எதுகை, உருவகம், உள்ளுறை: இலக்கியக் கலைச்சொற்களை மனத்தில் தங்கும்படி கற்பது எப்படி?

உங்கள் கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். பள்ளியில் வேறு மொழி எடுத்துப் படித்தவர் நீங்கள். முப்பது வயதுக்கு மேல் ஆசைப்பட்டுச் சங்கப் பாடல்களையும் இன்றைய கவிதைகளையும் படிக்கிறீர்கள். உரையைத் திறந்தால் தொடை, எதுகை, ஆகுபெயர், உருவகம், உள்ளுறை, படிமம் என்று சொற்கள் வழிமறிக்கின்றன. நூறு சொற்களை விளக்கத்தோடு பட்டியல் போட்டு மனப்பாடம் செய்தீர்கள். இரண்டு வாரத்தில் பாதி மறந்துவிட்டது, மீதி ஒன்றோடொன்று குழம்பிவிட்டது. எதில் தொடங்குவது, எந்த வரிசையில் போவது என்று கேட்கிறீர்கள்.

பதினெட்டு ஆண்டுகளாக மாலை நேரத்தில் பெரியவர்களுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்து வருகிறேன். முதல் நாள் நான் கேட்டுக்கொள்வது, பட்டியலை மூடி வையுங்கள் என்பதுதான். தொடை என்றால் என்ன என்று பட்டியலில் பார்த்தால், அடிகளிலோ சீர்களிலோ எழுத்துகள் ஒன்றிவரத் தொடுப்பது என்றிருக்கும். அடி தெரியாது, சீர் தெரியாது. தெரியாத ஒருவரை அறிமுகப்படுத்த இன்னும் இரண்டு தெரியாதவர்களைக் கூட்டி வந்த கதைதான். ஒரு சொல்லுக்கு ஒரு வரி என்று பிடித்துக்கொள்ளுங்கள். விளக்கம் மறந்தாலும் வரி மறக்காது. வரி நினைவில் இருந்தால் விளக்கத்தை நீங்களே திரும்ப உண்டாக்கிக்கொள்ளலாம்.

இன்னொன்று. இந்தச் சொற்களில் பெரும்பாலானவை வீட்டுச் சொற்கள். யாப்பு என்றால் கட்டுவது. தளை என்றால் கட்டு, விலங்கு. தொடை என்றால் தொடுக்கப்பட்டது, பூத்தொடுப்பதில் வரும் அதே தொடு. அணி என்றால் நகை. அடி என்றால் பாதம். துறை என்றால் ஆற்றில் இறங்கும் இடம். நூல் என்பதைப் புத்தகத்துக்கும் சொல்கிறோம், தையலுக்கும் சொல்கிறோம். நன்னூல் பாயிரமே சொல்லைப் பஞ்சாகவும் பனுவலை இழையாகவும் புலவனை நூற்கும் பெண்ணாகவும் காட்டுகிறது. கலைச்சொல்லைப் பார்த்தவுடன் அதன் வீட்டுப்பொருளைத் தேடுங்கள். சொற்கள் தொடுக்கப்பட்ட பூக்கள், தொடுத்த முறைக்குத் தொடை என்று பெயர். இப்படி ஒருமுறை மனத்தில் விழுந்துவிட்டால் போகாது.

சரி, முதல் பாடம் காதுக்கு. புத்தகம் வேண்டாம், ஒரு பழமொழி போதும்: பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து. பந்திக்கு, படைக்கு என்று இரண்டு பகுதிகளும் ஒரே எழுத்தில் தொடங்குகின்றன, அது மோனை. பந்தி, முந்து, பிந்து மூன்றிலும் இரண்டாம் எழுத்து ந், அது எதுகை. முந்து, பிந்து எதிரெதிர்ப் பொருள், அது முரண். இரண்டு பகுதிகளின் முடிவும் ஒரே ஓசை, அது இயைபு. தொடை வகைகளில் நான்கு, நாம் சாப்பாட்டுப் பந்தியில் சொல்லும் ஒரு வாக்கியத்தில் இருக்கின்றன.

எதுகையில் ஒரு நுட்பம் உண்டு. இரண்டாம் எழுத்து ஒன்றினால் மட்டும் போதாது, முதல் எழுத்தின் அளவும் ஒக்க வேண்டும். 'ஆடிப் பட்டம் தேடி விதை' என்பதில் ஆ, தே இரண்டும் நெடில், இரண்டிலும் அடுத்தது டி. அதனால் எதுகை. 'சிறு துளி பெரு வெள்ளம்' என்பதில் சிறு, பெரு எதுகை போலக் காதில் விழும். ஆனால் ஒன்று வல்லின று, மற்றது இடையின ரு. எழுத்து வேறு, எதுகை இல்லை. முரண் மட்டும் உண்டு. ஒரு வாரத்துக்குத் தெரிந்த பழமொழிகளையெல்லாம் இப்படிப் பிரித்துப் பாருங்கள். வகுப்பில் இதைச் செய்யும்போது ஐம்பது வயதுக்காரர்கள்கூட ஒருவரை ஒருவர் முந்திக்கொண்டு சொல்வார்கள். எனக்கு மிகவும் பிடித்த வகுப்பு அதுதான்.

அடுத்து அசையும் சீரும். பலர் இங்கே பயந்து விட்டுவிடுகிறார்கள், பயப்பட ஒன்றுமே இல்லை. எழுத்துகள் சேர்ந்தால் அசை, அசைகள் சேர்ந்தால் சீர், சீர்கள் சேர்ந்தால் அடி. ஒற்று என்றால் மெய்யெழுத்து. ஒரு குறிலோ ஒரு நெடிலோ தனியாகவோ ஒற்றோடோ நின்றால் நேர். இரண்டு குறிலோ, குறிலும் நெடிலுமோ இணைந்து, தனியாகவோ ஒற்றோடோ நின்றால் நிரை. அந்தப் பெயர்களே எடுத்துக்காட்டுகள்: நேர் என்ற சொல் நேரசை, நிரை என்ற சொல் நிரையசை. சீர்களின் வாய்பாடும் அப்படியே. தேமா என்றால் இனிப்பு மாமரம், புளிமா என்றால் புளிப்பு மாமரம். தே-மா, நேர் நேர். புளி-மா, நிரை நேர். கரு-விளம், நிரை நிரை. கூ-விளம், நேர் நிரை. இலக்கணக்காரர்கள் நமக்காகச் செய்துவைத்த அழகான ஏற்பாடு இது. பெயரை உச்சரித்தாலே சீர் காதில் கேட்டுவிடும்.

பழகுவதற்கு ஊர்ப்பெயர்கள் நல்லவை. சென்னையிலிருந்து மதுரைக்குப் பகல் ரயிலில் போகும்போது நிலையப் பலகைகளைப் படித்துக்கொண்டே போங்கள். திண்-டிவ-னம், கூவிளங்காய். விழுப்-புரம், கருவிளம். விருத்-தா-சலம், புளிமாங்கனி. அரி-யலூர், கருவிளம். திருச்-சி, புளிமா. திண்-டுக்-கல், தேமாங்காய். மது-ரை, புளிமா. மூன்றாவது அசை நேராக இருந்தால் காய், நிரையாக இருந்தால் கனி, அவ்வளவுதான். இப்படி அசை பிரித்துச் சீர் காண்பதற்கு அலகிடுதல் என்று பெயர், ஊர் வந்து சேர்வதற்குள் அந்தச் சொல் உங்களுடையதாகிவிடும். தளை, பாவகை எல்லாம் வெண்பா எழுத ஆசை வரும்போது பார்த்துக்கொள்ளலாம்.

இப்போது அணிக்கு, அதாவது சொல்வதை அழகுபடுத்திச் சொல்லும் முறைகளுக்கு வருவோம். தண்டியலங்காரத்தின் பொருளணியியலில் 35 அணிகள். நான் படித்த பள்ளியில் அந்த 35 பெயர்களையும் வரிசையாக ஒப்பிக்கச் சொன்னார்கள், ஒப்பித்தேன். அவற்றில் ஒன்றைக்கூட ஒரு கவிதைக்குள் அடையாளம் காண எனக்கு அன்று தெரியாது. நீங்கள் அந்த வழியில் போக வேண்டாம். தொல்காப்பியத்தின் பொருளதிகாரத்தில் அணி என்று தனியாக விரித்துப் பேசுவது உவமையை மட்டுமே, அதற்கு உவமவியல் என்று ஓர் இயலே இருக்கிறது. உவமையைச் சரியாகப் பிடித்துக்கொண்டால் நீங்கள் குழப்பிக்கொள்ளும் சொற்களில் பாதி அதன் பிள்ளைகள் என்று தெரியும்.

உவமையில் இரண்டு பொருள்கள் உண்டு. நாம் சொல்ல வந்தது உவமேயம். அதைக் காட்டக் கொண்டு வந்தது உவமை. இரண்டையும் இணைக்கும் போல, அன்ன, ஒப்ப போன்றவை உவம உருபுகள். இந்த இரண்டு பொருள்களில் எது வெளியே தெரிகிறது, எது மறைகிறது என்று மட்டும் பார்த்துக்கொண்டே வாருங்கள்.

'அகழ்வாரைத் தாங்கும் நிலம்போலத் தம்மை இகழ்வார்ப் பொறுத்தல் தலை.' நிலமும் தெரிகிறது, பொறுமையும் தெரிகிறது, நடுவில் 'போல' இருக்கிறது. இது உவமையணி.

'அகர முதல எழுத்தெல்லாம் ஆதி பகவன் முதற்றே உலகு.' எழுத்துக்கு அகரம், உலகுக்கு ஆதி பகவன். இரண்டும் தெரிகின்றன, ஆனால் 'போல' இல்லை. இரண்டு வாக்கியங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு இணைப்பதை நம்மிடம் விட்டுவிட்டார். இது எடுத்துக்காட்டு உவமையணி.

அடுத்த படி, இரண்டையும் ஒன்றாக்கிவிடுவது. மதி போன்ற முகம் என்பதைச் சுருக்கி மதிமுகம் என்றால் உவமைத்தொகை. முகமே மதி என்ற பொருளில் முகமதி என்று திருப்பினால் உருவகம். மலர்விழி உவமை, விழிமலர் உருவகம். முன்னால் நிற்பது எது என்று பார்த்தால் போதும், பத்தில் ஒன்பது இடங்களில் தவறாது.

'பிறவிப் பெருங்கடல் நீந்துவர் நீந்தார் இறைவனடி சேராதார்.' பிறவியைக் கடல் ஆக்கிய வள்ளுவர், இறைவனடியைத் தெப்பம் ஆக்கவில்லை. ஒரு பகுதியை மட்டும் உருவகப்படுத்திவிட்டு மற்றதை விட்டுவிட்டால் ஏகதேச உருவகம். ஏகதேசம் என்றால் ஒரு பகுதி.

'பீலிபெய் சாகாடும் அச்சிறும் அப்பண்டம் சால மிகுத்துப் பெயின்.' மயிலிறகே ஆனாலும் அளவுக்கு மேல் ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும். வண்டி மட்டும்தான் குறளில் இருக்கிறது. இந்தக் குறள் வலியறிதல் அதிகாரத்தில் வருவதால் பகையைப் பெருக்கிக்கொள்ளும் அரசனைப் பற்றியது என்று நாம் புரிந்துகொள்கிறோம், குறளில் அவன் இல்லை. உவமையைச் சொல்லிப் பொருளை மறைப்பது பிறிதுமொழிதல்.

பார்த்தீர்களா, 'போல' முதலில் போனது, பிறகு இரண்டும் ஒன்றானது, கடைசியில் சொல்ல வந்த பொருளே மறைந்துவிட்டது. ஐந்து பெயர்களையும் தனித்தனியாக நினைவில் வைக்கத் தேவையில்லை, படிகளாக ஏறினால் தானே வரும். இதற்கும் மேல் ஒரு படி இருக்கிறது, உள்ளுறை. அதற்குக் குறுந்தொகை எட்டாம் பாடலை விட நல்ல பாடம் எனக்குத் தெரியாது. ஆலங்குடி வங்கனார் பாடியது, ஆறே அடிகள்:

கழனி மாஅத்து விளைந்துஉகு தீம்பழம்
பழன வாளை கதூஉம் ஊரன்
எம்மிற் பெருமொழி கூறித் தம்மில்
கையும் காலும் தூக்கத் தூக்கும்
ஆடிப் பாவை போல
மேவன செய்யும்தன் புதல்வன் தாய்க்கே.

வயலோரத்து மாமரத்திலிருந்து கனிந்து விழும் பழத்தைக் குளத்து வாளைமீன் கவ்வும் ஊர்க்காரன் அவன். எங்களிடம் இருக்கும்போது பெரிய பேச்சுப் பேசினான். தன் வீட்டுக்குப் போனதும், நாம் கையைத் தூக்கினால் தானும் தூக்கும் கண்ணாடிப் பாவையைப் போல, தன் மகனின் தாய் விரும்பியதையெல்லாம் செய்கிறான். இதுதான் பொருள்.

பேசுவது யார்? மனைவி அல்ல, அவனுடைய காதற்பரத்தை, அதாவது மனைவியைத் தவிர அவன் உறவு வைத்திருந்த பெண். மனைவி தன்னைப் பற்றிப் புறம் பேசினாள் என்று கேள்விப்பட்டு, அவளுடைய தோழிமார் காதில் விழும்படி சொல்கிறாள். இப்படி யார், யார் கேட்க, எந்தச் சூழலில் என்பது கூற்று, துறை என்ற சொற்களுக்குள் அடங்கும். கழனி, மாமரம், வாளை எல்லாம் மருத நிலத்தின், அதாவது வயல்வெளியின் கருப்பொருள்கள், அங்கே காணப்படும் பொருள்களும் உயிர்களும். அந்த நிலத்துக்குரிய உரிப்பொருள், அதாவது பாட்டின் உணர்வு, ஊடல். நிலத்தையும் உணர்வையும் சேர்த்துச் சொல்லும் பெயர் திணை, ஆகவே இதன் திணை மருதம்.

'ஆடிப் பாவை போல' வெளிப்படையான உவமை. ஆடி என்றால் கண்ணாடி. முதல் இரண்டு அடிகளைத் திரும்பப் பாருங்கள். மரத்தில் ஏறிப் பழத்தைப் பறிக்கவில்லை மீன். பழம் தானே கனிந்து விழுந்தது, மீன் வாயைத் திறந்தது. அவனை நான் இழுக்கவில்லை, அவனாக வந்தான் என்கிறாள். ஊரை வர்ணிப்பதுபோல் சொல்லிவிட்டு, தன்மேல் சுமத்தப்பட்ட பழிக்குப் பதிலையும் அதற்குள் வைத்துவிட்டாள். 'போல' இல்லை, சொல்ல வந்த பொருளும் இல்லை, நிலக்காட்சி மட்டும் இருக்கிறது. இதுதான் உள்ளுறை உவமம். மனைவி என்ற சொல்லை வாயில் எடுக்காமல் 'தன் புதல்வன் தாய்' என்று முடிக்கிறாள் பாருங்கள், எத்தனை முறை படித்தாலும் அந்த இடத்தில் நான் ஒரு கணம் நின்றுவிடுவேன்.

இதே பாட்டில் காதுக்கான சொற்களும் இருக்கின்றன. கழனி, பழன என்ற அடித்தொடக்கங்கள் எதுகை. கையும் காலும் மோனை, ஏனென்றால் மோனையில் ஐகாரமும் ஆகாரமும் ஓரினமாகக் கொள்ளப்படும். மாஅத்து, கதூஉம் இரண்டும் அளபெடை, ஓசையை நீட்டி அதற்கு அடையாளமாகப் பக்கத்தில் ஒரு குறில் வைத்திருக்கிறார்கள். கடைசிக்கு முந்தைய அடியை எண்ணுங்கள், ஆடிப் பாவை போல, மூன்றே சீர். மற்ற அடிகளில் நான்கு சீர். இப்படி வந்தால் நேரிசை ஆசிரியப்பா. ஆக, இந்த ஒரு பாட்டை மனப்பாடம் செய்தால் ஒரு டஜன் கலைச்சொற்கள் கூடவே வந்துவிடும். இறைச்சி என்று ஒரு சொல்லும் உரைகளில் எதிர்ப்படும். உரையாசிரியர்களே அதற்கு வேறு வேறாகப் பொருள் சொல்கிறார்கள். நூறு பாடல்கள் படித்த பிறகு அதற்கு வாருங்கள்.

உவமையோடு சேராத அணிகளில், படிக்கும்போது அடிக்கடி தேவைப்படுவது இரண்டு மூன்றுதான். தற்குறிப்பேற்றம் என்பது இயல்பாக நடப்பதன்மேல் கவிஞர் தன் குறிப்பை ஏற்றிச் சொல்வது. மதுரைக் கோட்டை மதில்மேல் கொடிகள் காற்றில் ஆடுவதை, கோவலனையும் கண்ணகியையும் வராதீர்கள் என்று கைகாட்டித் தடுப்பதுபோல் என்கிறது சிலப்பதிகாரம். காற்றுக்கு ஆடிய கொடிதான், ஆனால் படிக்கிற நமக்கு அடிவயிறு கலங்குகிறது. சிலேடைக்குக் காளமேகத்தின் 'நஞ்சிருக்கும் தோலுரிக்கும்' போதும். பாம்புக்கு நஞ்சு உண்டு, அது தோலை உரிக்கும். வாழைப்பழம் நைந்திருக்கும், அதன் தோலை நாம் உரிப்போம்.

வஞ்சப்புகழ்ச்சிக்குப் புறநானூறு 95. அதியமானின் தூதாகப் போன ஔவையாருக்குத் தொண்டைமான் தன் ஆயுதச்சாலையைக் காட்டுகிறான். உன் ஆயுதங்கள் பீலி அணிந்து, மாலை சூடி, நெய் பூசிக் காவல் மிகுந்த மாளிகையில் இருக்கின்றன, அதியமானுடையவையோ பகைவரைக் குத்தி முனை முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்கிறார். புகழ்வது போலப் பழிப்பு, பழிப்பது போலப் புகழ்ச்சி, இரண்டும் ஒரே பாட்டில். அங்கதம் என்ற சொல்லும் தொல்காப்பியத்திலேயே இருக்கிறது. நேரே வைதால் செம்பொருள் அங்கதம், மறைத்து வைதால் பழிகரப்பு அங்கதம்.

இலக்கணச் சொற்களில் ஆகுபெயர் ஒன்றை விரும்பிப் படியுங்கள், ஏனென்றால் அதை நீங்கள் தினமும் பேசுகிறீர்கள். வீட்டுக்கு வெள்ளை அடித்தோம் என்றால் நிறத்தின் பெயர் சுண்ணாம்புக்கு ஆகி வந்திருக்கிறது. ஊரே திரண்டது என்றால் இடத்தின் பெயர் மக்களுக்கு. தலையில் டிசம்பர் வைத்திருக்கிறாள் என்றால் காலத்தின் பெயர் பூவுக்கு. இரட்டைக்கிளவிக்கும் அடுக்குத்தொடருக்கும் உள்ள வித்தியாசம் பிரித்துப் பார்ப்பதில் இருக்கிறது. சடசட என்பதைப் பிரித்தால் பொருள் இல்லை, இரட்டைக்கிளவி. பாம்பு பாம்பு என்பதைப் பிரித்தாலும் பாம்பு பாம்புதான், அடுக்குத்தொடர்.

நூலின் பகுதிகளுக்குப் பெயர் நூலுக்கு நூல் மாறும். சிலம்புக்கும் மணிமேகலைக்கும் காதை, கம்பனுக்குப் படலம், சீவக சிந்தாமணிக்கு இலம்பகம், குறளுக்கு அதிகாரம், இலக்கண நூலுக்கு இயல். அந்தந்த நூலைத் தொடும்போது அந்தந்தச் சொல்லைத் தெரிந்துகொண்டால் போதும்.

இன்றைய எழுத்துக்கு வரும்போது சொற்கள் மாறுகின்றன. 1959-இல் சி. சு. செல்லப்பா தொடங்கிய 'எழுத்து' இதழை ஒட்டி வளர்ந்த புதுக்கவிதை விவாதங்களில் படிமம், குறியீடு போன்ற சொற்கள் புழக்கத்துக்கு வந்தன. நீங்கள் மேலே ஏறிய அதே படிகளில் இவற்றையும் வைத்துப் பார்க்கலாம். படிமத்தில் ஒரு காட்சி கண்முன் நிற்கும், அதை இன்னதற்கு ஒப்பு என்று கவிஞர் சொல்லமாட்டார். குறியீட்டில் ஒரு பொருள் தானாகவும் இருக்கும், தன்னைவிடப் பெரிய ஒன்றுக்காகவும் நிற்கும். தாலி வெறும் கயிறு அல்ல என்பது நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, அதுதான் குறியீடு. தொன்மம் என்பது பழைய புராணக் கதையை இன்றைய கவிதைக்குள் கொண்டுவருவது. அகலிகை என்று பெயர் சொன்னவுடன் கல்லும் சாபமும் கூடவே வருகின்றன அல்லவா, அந்த வேலையைத்தான் அது செய்கிறது. கதையைப் பற்றிப் பேசக் கதைக்கரு, கதைப்பின்னல், கதைமாந்தர், நோக்குநிலை போன்ற நான்கைந்து சொற்கள் போதும். கரு, பின்னல் இரண்டும் வீட்டுச் சொற்கள் என்பதை நீங்களே கவனித்திருப்பீர்கள்.

உரைநூல்களில் பதவுரை என்றால் சொல்லுக்குச் சொல் பொருள், பொழிப்புரை என்றால் திரண்ட பொருள். உ. வே. சாமிநாதையர் 1937-இல் பதிப்பித்த குறுந்தொகையை வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பாட்டுக்கும் பதவுரை, முடிபு, கருத்து, விசேடவுரை என்று பிரித்து, புதிதாக வருபவரின் கையைப் பிடித்து நடத்துகிறார். பழஞ்சொற்களுக்குச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன், இன்றைய சொற்களுக்குக் க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி. இரண்டும் இருந்தால் வேறு அகராதி தேட வேண்டாம்.

ஒரு நோட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இடப்பக்கம் சொல், வலப்பக்கம் ஒரு வரி. விளக்கம் எழுதாதீர்கள். வாரத்துக்கு ஐந்து சொற்களுக்கு மேல் சேர்க்காதீர்கள். வார இறுதியில் இடப்பக்கத்தை மூடிவிட்டு வரியைப் பார்த்துச் சொல்லைச் சொல்லுங்கள், அப்புறம் வரியை மூடிவிட்டுச் சொல்லைப் பார்த்து வரியைச் சொல்லுங்கள். வரி உங்களுக்குப் பிடித்ததாக இருக்க வேண்டும். என் வகுப்பில் ஒரு அம்மா எல்லாச் சொற்களுக்கும் தன் பாட்டி பாடிய தாலாட்டிலிருந்தும் ஒப்பாரியிலிருந்தும் வரி எழுதி வந்தார். அவர் நோட்டைத்தான் புதிதாகச் சேர்பவர்களுக்கு இன்றும் காட்டுகிறேன்.

எட்டாம் பாடல் மனப்பாடம் ஆனதும் குறுந்தொகை நாற்பதுக்குப் போங்கள், யாயும் ஞாயும் என்று தொடங்குவது. அதில் வரும் 'செம்புலப் பெயல்நீர் போல' என்ற உவமைதான் பாடியவருக்கே பெயராகிவிட்டது, செம்புலப்பெயனீரார். யார் கூற்று, என்ன திணை, உவமேயம் எது, எதுகை எங்கே, உள்ளுறை இருக்கிறதா இல்லையா என்று முதலில் நீங்களே நோட்டில் எழுதிப் பாருங்கள். உரையை அதற்கு அப்புறம் திறங்கள்.